நம்ம குடும்பம்: ஏழு இடத்துல ஆடுனவர்

பெரியப்பா: தம்பி, நீ அனுப்புன பேஸ்பால் வீடியோ பாத்தேன். சனமெல்லாம் அழுவுது. யார்ரா அந்த அடிச்சவன்?

சித்தப்பா சிகாகோ: பென் ஸோப்ரிஸ்ட் அண்ணே. 2016 வேர்ல்ட் சீரிஸ், அதாவது அமெரிக்க பேஸ்பாலோட இறுதித் தொடர், ஏழாவது கேம். கிளீவ்லண்ட்ல நடந்துச்சு. 6-6ல மழை, 17 நிமிஷம் நிறுத்தி வச்சாங்க. திரும்ப ஆரம்பிச்சதும் பத்தாவது இன்னிங்ஸ்ல இந்த அடி. இவரோட டீம் சிகாகோ கப்ஸ் 8-7ல ஜெயிச்சாங்க. 1908க்கு அப்புறம் அதான் கோப்பை.

அத்தை: 108 வருசமா! 🙏

சித்தப்பா சிகாகோ: ஆமாக்கா. அந்த சீரிஸோட சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். அவர் ஒரு யூட்டிலிட்டி பிளேயர்.

நான்: அப்படின்னா மாத்து ஆட்டக்காரரா சித்தப்பா? யாருக்காவது அடிபட்டா இறங்குறவரா?

சித்தப்பா சிகாகோ: ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சாங்க. இவர் தினமும் ஆடுவார்மா, இடம்தான் மாறும். 2009ல டாம்பா பே ரேஸ்ங்கிற டீம்ல, பந்து போடுற பிட்சர், விக்கெட் கீப்பர் மாதிரி இருக்குற கேட்சர் தவிர மத்த ஏழு இடத்துலயும் நின்னார். அதே வருசம் 27 ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி!

பெரியப்பா: கிரிக்கெட்லயும் பாயிண்ட்ல நிக்கிறவன் பவுண்டரிக்குப் போறான். இதுல என்ன?

சித்தப்பா சிகாகோ: இங்க இடத்துக்கு இடம் கிளவுஸே வேற அண்ணே. ரன்னுக்கு ஓடுறவன் தொட்டுப் போற ரெண்டாவது பேஸ் பக்கத்துல நிக்கிறதுதான் செகண்ட் பேஸ், அதுக்குச் சின்ன கிளவுஸ். ஓடி வர்றவன் கால்மாட்டுல சறுக்கி விழுவான், அதுக்குள்ள பந்தை எடுத்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியணும். தூரத்துல நிக்கிற அவுட்ஃபீல்டுக்குப் பெரிய கிளவுஸ். பந்து எங்க விழும்னு கணிச்சு, அதப் பாக்காமலே முதுகு காட்டி ஓடணும். ஒண்ணுல தேர்றதுக்கே வருசக்கணக்கா ஆகும்.

அத்தை: சின்னப் புள்ளயிலேர்ந்தே பேர் வாங்குனவரா?

சித்தப்பா சிகாகோ: இல்லக்கா. இல்லினாய்ல யுரேகான்னு சின்ன ஊர், அப்பா பாதிரியார். ஸ்கூல் முடிச்சப்ப விளையாடக் கூப்பிட ஒரு காலேஜ் இல்ல. 50 டாலர் கட்டி ஒரு தேர்வு முகாமுக்குப் போனார், அங்க ஒரு காலேஜ் கோச் எடுத்துக்கிட்டார். ரேஸ்ல சேந்தப்புறமும் 2007ல பேட்டிங் சராசரி .155தான். பத்துக்கு ரெண்டு ஹிட்கூட இல்ல. ஷார்ட்ஸ்டாப்பா (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிறவரா) வந்தவர் அந்த இடமே வேணும்னு நின்னிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்.

நான்: அப்ப கப்ஸ்ல எங்க நின்னார்?

சித்தப்பா சிகாகோ: 2016 சீசன் பெரும்பாலும் செகண்ட் பேஸ். வேர்ல்ட் சீரிஸ்ல ஹவியர் பயஸ் அங்க நின்னதால இவர் லெஃப்ட் ஃபீல்டு, அதாவது அவுட்ஃபீல்டோட இடது பக்கம். அதுக்கு முந்தின வருசம் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ்ல இதுக்கு நேர் எதிர். அலெக்ஸ் கார்டனுக்கு அடிபட்டிருந்துச்சு, இவர் லெஃப்ட் ஃபீல்டுக்கு வந்தார். கார்டன் தேறி வந்ததும் செகண்ட் பேஸுக்கு நகந்துட்டார். அங்கயும் கோப்பை! ரெண்டு வருசம், ரெண்டு டீம்.

பெரியப்பா: அடேயப்பா. இந்த மாதிரி ஆளுக்குன்னு விருது எதுவும் கிடையாதா?

சித்தப்பா சிகாகோ: இவர் 2019ல ஆடி முடிச்சிட்டார் அண்ணே. 2022லதான் கோல்ட் கிளவ்ங்கிற ஃபீல்டிங் விருதுல யூட்டிலிட்டிக்குத் தனிப் பிரிவு வந்துச்சு. அடுத்த வருசமே கொரியாக்காரர் கிம் ஹா-சியோங் வாங்குனார், சந்தோசம்தான். ஆனா அத முதல்ல இவர் கையில குடுத்திருக்கணும். எனக்கு அது இன்னும் ஆறல.

பெரியப்பா: பந்து மட்டும் போட்டதில்லயா?

சித்தப்பா சிகாகோ: அதையும் விடல அண்ணே, கடைசி சீசன்ல ஒரு இன்னிங்ஸ் போட்டுட்டார். கேட்சர் மட்டும்தான் பாக்கி.