பழ இனிப்புகள்: ஜப்பான் பக்கமும் மேற்கத்திய பக்கமும் – செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கரண்டிக்காரி:
அடுக்கு கேக், அலங்காரம் எல்லாம் வேறு இடத்தில் பேசிக்கொள்வோம். கையில் பழம் இருக்கிறது, பெரிய மெனக்கெடல் வேண்டாம் என்ற நாளில் என்ன செய்தீர்கள், எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

நான் அடிக்கடி செய்வது ஃப்ரூட் சாண்டோ, அதாவது பழமும் க்ரீமும் வைத்த ஜப்பானிய சாண்ட்விச். ஜப்பானில் ஷோகுபான் என்ற மெத்தென்ற பால் ரொட்டியில் செய்வார்கள். ஓரம் நீக்கிய சாதாரண வெள்ளை ரொட்டியே போதும், புதிதாக இருந்தால் சரி. 200 மி.லி. விப்பிங் க்ரீமுக்கு 15 கிராம் சர்க்கரை. க்ரீமில் கொழுப்பு 35 சதவீதமாவது இருக்கட்டும், கிண்ணமும் குளிர்ந்திருக்கட்டும். கேக்குக்கு அடிப்பதைவிடக் கொஞ்சம் கெட்டியாக அடிக்க வேண்டும். ஸ்ட்ராபெரியைக் கழுவியதும் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் க்ரீம் நீர்த்து ரொட்டி ஊறிப்போகும்.

வெட்டும் இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் பழத்தை வைப்பேன். மூலைக்கு மூலை வெட்டப் போகிறேன் என்றால் பெரிய பழங்கள் அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாக உட்காரும். இடுக்குகளில் க்ரீமை நிரப்பி, கிளிங் ராப்பில் இறுக்கிச் சுற்றி, கோட்டை உறையின் மேல் பேனாவால் குறித்துவிட்டு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்கத்தான் வேண்டும், சோம்பல் பட்டால் வெள்ளையில் சிவப்பு இழுவிவிடும்.

வாழைப்பழம் மட்டும் வைத்துச் செய்தால் எனக்கு மந்தமாக இருக்கிறது. க்ரீமுக்கு எதிரில் ஏதாவது புளிப்பு வேண்டும்.

பழப்பித்தன்:
அக்கா, கிவி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அன்றே சாப்பிட்டுவிடுங்கள். பச்சைக் கிவியில் இருக்கும் ஆக்டினிடின் என்ற நொதி பால் புரதத்தை உடைக்கும். நேரமானால் தொட்டுக்கொண்டிருக்கும் க்ரீம் கசக்கும். தயிரில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் தெரியும்.

என் கதை ஜெல்லி. ஒரே பழச்சாற்றைப் பிரித்து, ஒரு கிண்ணத்தில் ஜெலட்டினும் இன்னொன்றில் அகர் அகரும் (நம் சைனா கிராஸ்தான், ஜப்பானில் காண்டென்) கலந்து, இரண்டிலும் பச்சை அன்னாசித் துண்டு போட்டு வைத்தேன். சந்தேகம் தீரட்டும் என்று வேண்டுமென்றே செய்ததுதான். மறுநாள் காலையில் அகர் கிண்ணத்தைக் கவிழ்த்தால் அப்படியே விழுந்து நிற்கிறது. ஜெலட்டின் கிண்ணத்தைச் சாய்த்தால் சாறு ஓடுகிறது, முந்தின நாள் ஊற்றியபடியே! ஜெலட்டின் புரதம், அன்னாசியின் புரோமெலின் அதைத் தின்றுவிடுகிறது. அகர் கடற்பாசியிலிருந்து வரும் மாவுப்பொருள் வகை, அதை இந்த நொதி ஒன்றும் செய்யாது. ஜெலட்டின்தான் வேண்டும் என்றால் பழத்தைக் கொதிக்க வைத்துச் சேருங்கள், அல்லது டின்னில் வரும் அன்னாசியைப் போடுங்கள். சூடு பட்டால் நொதி செத்துவிடும்.

அளவு: 500 மி.லி. திரவத்துக்கு அகர் தூள் 4 கிராம். தூளைத் தண்ணீரில் கலந்து கொதி வந்தபின் கிளறிக்கொண்டே 2 நிமிடம் விடுங்கள், அரைகுறையாகக் கரைந்தால் உறையாது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற புளிப்புச் சாற்றை அடுப்பை அணைத்தபிறகு சேருங்கள், கூடவே கொதித்தால் பிடிப்பு தளர்ந்துவிடும். சாறு ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் இருந்தால் ஊற்றிய இடத்திலேயே கட்டி கட்டியாகும். மேசை மேல் வைத்தாலே உறைந்துவிடும், வெயில் நாளிலும் உருகாது. சதுரமாக வெட்டிப் பழத்தோடு சேர்த்து, மேலே கருப்புச் சர்க்கரைப் பாகு ஊற்றினால் ஜப்பானியரின் மிட்சுமாமேவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம். வேகவைத்த சிவப்புப் பட்டாணி ஒன்றுதான் பாக்கி.

ஓவன் பக்கம்:
நீங்கள் எல்லாரும் சாற்றை அடக்கப் பார்க்கிறீர்கள், நான் ஓட விடுகிற கட்சி. அமெரிக்கப் பாணி ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக்கில் பழத்தை நறுக்கிச் சர்க்கரை தூவி அரை மணி நேரம் வைத்தால் போதும், அது விடும் சிவப்புப் பாகு, அமெரிக்கர்கள் பிஸ்கட் என்று சொல்லும் பன் போன்ற அடித்தட்டில் ஊறுவதுதான் ருசியே. ஜப்பானில் கிறிஸ்துமஸுக்கு வெட்டும் ஷார்ட்கேக் பஞ்சு கேக்கும் க்ரீமும், அதில் இப்படிச் செய்தால் சொதசொதவென்று ஆகிவிடும். அதற்குக் கரண்டிக்காரி சொன்னதுபோல் ஈரம் துடைத்த முழுப் பழம்தான் சரி.

எளிமை என்றால் எனக்கு கிளாஃபூட்டிதான். 3 முட்டை, 80 கிராம் சர்க்கரை, 60 கிராம் மைதா, 250 மி.லி. பால் கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பிய 400 கிராம் செர்ரி மேல் ஊற்றி, 180 டிகிரியில் 40 நிமிடம். பொங்கி எழும், வெளியே எடுத்ததும் அமுங்கும். பதற வேண்டாம், அதன் இயல்பே அப்படி. பிரான்சின் லிமூசான் பகுதியில் கொட்டையோடே போடுவார்களாம் மணத்துக்காக. எங்கள் வீட்டில் பல் முக்கியம், எடுத்துவிட்டுத்தான் போடுகிறேன்.

மாவுக்கை:
ஷிராடாமா உருண்டை யாரும் சொல்லவில்லையே. ஒட்டரிசி மாவும் தண்ணீரும்தான். காதுமடல் பதம் வரும்வரை பிசை என்று ஜப்பானில் சொல்வார்கள், தொட்டுப் பார்த்தால் அளவு கரண்டியே தேவையில்லை. தண்ணீருக்குப் பதில் அதே எடை மென் டோஃபுவைப் போட்டுப் பிசைந்தால் மறுநாளும் மெத்தென்றே இருக்கிறது. கொதிநீரில் மிதந்து வந்தபின் இன்னும் ஒரு நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், அப்புறம் நறுக்கிய பழமும் சோடாவும்.

கரண்டிக்காரி:
டோஃபு நல்ல யோசனை! இச்சிகோ டைஃபுகு செய்ததுண்டா மாவுக்கை? உள்ளே ஸ்ட்ராபெரி, சுற்றிச் சிவப்புப் பயறு விழுது, மேலே மோச்சி என்ற ஒட்டரிசி மாவுத் தோல். ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் விறைத்துவிடுகிறது என்கிறார்களே?

மாவுக்கை:
செய்திருக்கிறேன். ஃபிரிட்ஜ் குளிரில்தான் அரிசி மாவுச்சத்து சீக்கிரம் இறுகும். 100 கிராம் மாவுக்கு 50 கிராம் சர்க்கரை, 150 மி.லி. தண்ணீர் போட்டு, மைக்ரோவேவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி நடுநடுவே கிளறுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி ஆனதும் சோளமாவு தூவிய தட்டில் கொட்டி, சூடு பொறுக்கும்போதே மடிக்க வேண்டும். சர்க்கரையைக் குறைக்காதீர்கள், தோலை இளக்கமாக வைப்பதே அதுதான். காலையில் செய்தால் மாலைக்குள் தீர்த்துவிடுங்கள், பழம் நீர் விடத் தொடங்கிவிடும். விருந்தாளி வருகிறார்கள் என்றால் விழுதை முதல் நாளே உருட்டி வைத்துக்கொள்ளலாம், தோல் கிளற அதிக நேரம் ஆகாது.