ஜெபமே வராவிட்டால் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி – அத்திமரம்

ஸ்தோத்திரம். வேலை போய், வீட்டில் நோயும் சேர்ந்துகொண்ட ஒருவருக்கு நாலு மாதமாக ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. வேதத்தைத் திறந்தால் ஒரு அதிகாரம்கூட ஓடவில்லை. "முறுமுறுக்காதே, ஸ்தோத்திரம் மட்டும் சொல்" என்கிறார்கள் சிலர். மனதில் இல்லாததை வாயால் சொல்ல முடியவில்லை. சபைக்குப் போகவும் கூச்சம். எங்கிருந்து தொடங்குவது?

பதில் – கடுகுவிதை

முறுமுறுப்பு வேறு, புலம்பல் வேறு. இஸ்ரவேலர் "கூடாரங்களில்" முறுமுறுத்தார்கள் என்கிறது உபாகமம் 1:27. அதாவது தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள், அவரிடம் பேசவில்லை. புலம்புகிறவன் அதே வலியை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய் வைக்கிறான்.

வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். மொத்தமே 6 வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு முறை வருகிறது. 3, 4 வேண்டுதல். 5, 6-இல்தான் நம்பிக்கை. ஒரு தாளில் இதே வரிசையில் உங்களுடையதை எழுதுங்கள். வேண்டுதல் வருகிற இடத்தில் "ஆசீர்வதியும்" என்று பொதுவாக எழுதாமல், இந்த மாத வாடகை, வியாழக்கிழமை வரப்போகிற ஸ்கேன் ரிசல்ட் என்று பேர் சொல்லி எழுதுங்கள். மூன்றாம் பகுதி வராவிட்டால் இரண்டோடு நிறுத்திவிடலாம். 88-ஆம் சங்கீதத்தில் கடைசி வரிவரை ஆறுதல் கிடையாது. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடக்கத்தில் கூப்பிட்டதோடு சரி. அதுவும் வேதத்தில் ஜெபமாகத்தான் இருக்கிறது.

பதில் – எண்ணெய்க்கலயம்

மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கு முன்னால் சரீரம். சாகவேண்டும் என்று கேட்டு சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை (1 இராஜாக்கள் 19). இரண்டு தரம் எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று தேவன் கேட்கிற கேள்வி, எலியா 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

வாசிப்பு நின்றுபோவது பெரும்பாலும் அட்டவணையால். வேதத்தில் 1,189 அதிகாரம். வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்று நாலு. ஐந்து நாள் விட்டால் பதினாறு அதிகாரம் பாக்கி நிற்கும், ஆள் மூடிவைத்துவிடுவார். பாக்கியைத் தள்ளுபடி செய்யுங்கள். தினம் ஒரு சங்கீதம், அதே நாற்காலி, அதே நேரம், வாய்விட்டு வாசியுங்கள். கண் ஓடாத நாளிலும் காது கேட்கும்.

வாக்குத்தத்த வசனத்தைத் தனியே பிய்த்து எடுக்காதீர்கள். தேவன் நல்ல முடிவைத் தருவார் என்கிற எரேமியா 29:11-ஐ எல்லாரும் சொல்வார்கள். 10-ஆம் வசனம் அதற்கு 70 வருஷம் என்கிறது. அடுத்த வாரமே நடக்கும் என்று எடுத்துக்கொண்டவருக்குத்தான் பிறகு மனம் உடைகிறது.

சபைக்குப் போய்ச் சும்மா உட்காருங்கள், மற்றவர்கள் பாடட்டும். நடக்கமுடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துவந்தபோது இயேசு "அவர்கள் விசுவாசத்தை", சுமந்தவர்களுடையதையும் சேர்த்து, கண்டார் (மாற்கு 2:5). ஒரே ஒருவரிடம் மட்டும் கேளுங்கள்: "செவ்வாய் இரவு 8 மணிக்கு போனில் பத்து நிமிஷம் எனக்காக ஜெபிப்பீர்களா?" நாளும் நேரமும் சொல்லாமல் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றால் பெரும்பாலும் மறந்துபோகும்.

அத்திமரம்

நன்றி. இன்னொன்று. வேலை விண்ணப்பத்தில் இரண்டு வருட அனுபவத்தைக் கூட்டிப் போடச் சொல்கிறார்கள். இந்தக் கஷ்டத்தில் கர்த்தர் மன்னிக்கமாட்டாரா?

பதில் – கடுகுவிதை

மன்னிப்பார். ஆனால் மன்னிப்பை முன்கூட்டியே கணக்கில் வைத்துப் பாவம் செய்வதைத்தான் ரோமர் 6:1 தடுக்கிறது. தானியேல் ராஜாவின் உணவால் தீட்டுப்படமாட்டேன் என்று தீர்மானித்ததோடு நிற்கவில்லை. மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பத்து நாள் சோதித்துப் பாரும் என்று தன்னைக் கவனித்த விசாரணைக்காரனிடம் மாற்றுவழியும் கேட்டான். இங்கேயும் அப்படியே. பொய்க்குப் பதிலாக என்ன எழுதுவது என்பதை இன்றைக்கே எழுதிவையுங்கள்: "நாலு மாத இடைவெளி, குடும்பத்தில் நோயாளியைக் கவனித்தேன், இன்ன வேலையைத் தனியாகச் செய்யத் தெரியும், செய்துகாட்டத் தயார்." நேர்காணலில் பதற்றம் வரும்போது கைவசம் சொல்ல ஒரு உண்மை இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் வாய் பொய்யைத் தேடிப் போகும்.