குரல்கள் அடங்கின, வேகம் திரும்பவில்லை

"நோய் தேறிவிட்டது, மூளை மட்டும் பழையபடி ஓடவில்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்தது மனச்சிதைவு நோய். பதினோரு மாதங்கள் வேலைக்குப் போகவில்லை. யாரும் பேசாமலே எனக்கு மட்டும் கேட்ட குரல்கள் மருந்தில் அடங்கின, தூக்கம் வந்தது. கணக்குப் பிரிவில் என் பழைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கக் கூட்டலை மனத்துக்குள்ளேயே போட்டுவிடுகிறவள் நான். இப்போதோ, ரசீதில் தொகையைப் பார்த்துவிட்டுக் கணினிப் பக்கம் தலையைத் திருப்புவதற்குள் கடைசி இரண்டு இலக்கங்கள் மறந்துபோயின. இடது கை விரலை எண்ணின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு வலது கையால் தட்டினேன். மேலாளர் நடந்துகொண்டே மூன்று வேலைகளைச் சொன்னால் முதலாவதும் மூன்றாவதும் நிற்கும். நடுவில் சொன்னது போயே போய்விடும்.

கவனக்குறைவு என்றார்கள். சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அதுதான் அதிகம் வலித்தது.

ஏழாவது வாரம் மருத்துவரிடம் சொன்னேன். அதுவரை அவர் கேட்டதெல்லாம் குரல், தூக்கம், பசி மட்டுமே. உளவியலாளரிடம் அனுப்பினார். அவர் சில எண்களைச் சொல்லி, கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். 4, 9, 2. சொல்லிவிட்டேன். 7, 1, 8, 5. "ஐந்து, எட்டு..." அதற்கு மேல் வரவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். மேசைக்கு அடியில் என் விரல்கள் எண்ணிக்கொண்டே இருந்தன.

கேட்டதைச் சற்று நேரம் பிடித்துவைத்துக் கையாளும் நினைவு, சிந்தனை வேகம், திட்டமிடல் ஆகியவை தளர்வதும் இந்நோயின் ஒரு பகுதிதான் என்று அவர் விளக்கினார். குரல்களை அடக்கும் மருந்து இவற்றை அவ்வளவாகச் சரிசெய்வதில்லையாம். பலருக்கு முதல் குரல் கேட்பதற்கு முன்பே இந்தத் தளர்ச்சி தொடங்கிவிடுகிறதாம். அங்கேயே அழுதுவிட்டேன். இத்தனை நாள் குற்றம் என்று சுமந்தது நோயின் கணக்கில் சேர வேண்டியது.

மருத்துவர் மருந்துச்சீட்டையும் மறுபடி பார்த்தார். கை நடுக்கத்துக்குக் கொடுத்திருந்த டிரைஹெக்ஸிஃபெனிடில் நினைவாற்றலை மந்தமாக்கக்கூடியது என்று சொல்லி, படிப்படியாகக் குறைத்தார். (நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.) சில வாரங்களில் மந்தம் கொஞ்சம் விலகியது. கொஞ்சம்தான்.

மேலாளரிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு நேரத்தில் ஒரு வேலை கொடுங்கள், எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். அதன்பின் ஆறு வாரங்கள் அரைநாள் வேலை. அடிக்கோலை வரியின் கீழ் வைத்துப் படிக்கிறேன், இன்றைக்கும்.

முழுக்கத் தேறிய பிறகு வேலைக்குப் போனால் போதும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. முதலில் உண்மையான வேலையில் சேர்த்துவிட்டு, கூடவே நின்று உதவும் முறை ஒன்று 1990களில் அமெரிக்காவில் உருவானது. முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற பழைய வழியைவிட அதில் கூடுதலானோர் வேலையில் அமர்ந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நினைவுப் பயிற்சிகளும் வேலையோடு சேரும்போதுதான் நன்றாகப் பலன் தருகின்றன.

நேற்று எழுதிய நண்பரே, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அந்த வாரம் எந்த வேலையில், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். "மறதி" என்று மட்டும் சொன்னால் அவர்களும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு எது நழுவுகிறது, கேட்டதா, படித்ததா?