ஆச்சி சொன்ன பர்மா: எங்கள் குடும்பக் குழுவில்

கயல்: படத்துக்காக எடுத்த ஆச்சியின் இரண்டாம் நாள் பதிவைக் கேட்டு முடித்தேன். ஒரு சந்தேகம் பெரியப்பா. "காட்டு வழியாக நடந்தே வந்தோம், காலெல்லாம் அட்டை" என்கிறார்கள். 1964இல் பர்மாவிலிருந்து கப்பலில்தானே வந்தார்கள்?

பெரியப்பா: கப்பல்தான். அப்போது அவர்களுக்கு 14 வயது. நடந்து வந்தது ஆச்சியின் அப்பா. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அதற்கப்புறம் கிளம்பி, எல்லையில் இருக்கும் தமு ஊர் வழியாக மணிப்பூர் வந்து சேர்ந்தார். சண்டை முடிந்ததும் திரும்பவும் ரங்கூன் போய்விட்டார். அந்த இடத்தை வெட்டிவிடு கண்ணு, பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

மாலா சித்தி: வெட்டாதே கயல். எங்களுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அந்த நடைக் கதைதான். ஆச்சியின் அப்பா சொல்லிச் சொல்லி, ஆச்சிக்குத் தானே நடந்த மாதிரி ஆகிவிட்டது.

கயல்: எனக்கும் வெட்ட மனசில்லை சித்தி. அப்போது சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள், நிறையப் பேர் நடந்தே. வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. ஆச்சி "வந்தோம்" என்று சொல்வதை எப்படி வெட்டுவது?

பெரியப்பா: சரி. அப்படியானால் கப்பலும் படத்தில் வர வேண்டும். கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டு செல்லாது என்று அறிவித்தது, எல்லாம்.

கயல்: வரும் பெரியப்பா. துறைமுகத்தில் தோட்டைக் கழற்றச் சொன்னதைச் சொல்லும்போது ஆச்சியின் கை தானாகக் காதுக்குப் போகிறது. அப்புறம் பேச்சே இல்லை. 40 விநாடி மின்விசிறிச் சத்தம் மட்டும். அதில் நான் கை வைக்கவே மாட்டேன்.

மாலா சித்தி: தோடு விஷயம் எங்களிடம் சொன்னதே இல்லையே 😢

பெரியப்பா: எனக்கும் தெரியாது.

கயல்: நடந்தது யார் என்று ஆச்சியிடமே கேட்கப் போகிறேன். திருத்துவதற்காக இல்லை. அவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசட்டும்.

பெரியப்பா: கப்பலில் வந்தபோது கொடுத்த காகிதம் தகரப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்திருக்கும், நானே பிரித்துத் தருகிறேன். காலையில் வா. ஆச்சி அப்போதுதான் தெளிவாகப் பேசுவார்கள்.

மாலா சித்தி: நானும் வருகிறேன். கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.