பழைய சிடி பிளேயர் + ப்ளூடூத் ஸ்பீக்கர்: பேர் (pair, இணைப்பு) ஆகல

வண்ணாரப்பேட்டை: பிளேயர் பின்னாடி சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ அவுட் (பாட்டு வெளிய வர்ற ரெண்டு ஓட்டை) இருக்கு. ஸ்பீக்கர்ல ஆக்ஸ் (வயர் சொருகுற ஓட்டை) இல்ல. பிளேயர்ல சொருக வாங்கின ப்ளூடூத் டப்பா பேர் ஆகவே மாட்டேங்குதுண்ணா.

பெரம்பூர்: ரிசீவரை (ப்ளூடூத்ல பாட்டை வாங்குறது) வாங்கியிருப்ப தம்பி. டிரான்ஸ்மிட்டர்தான் (பாட்டை அனுப்புறது) வேணும். டிஎக்ஸ்/ஆர்எக்ஸ் (அனுப்பு/வாங்கு) சுவிட்ச் இருந்தா டிஎக்ஸ்ல தள்ளு. பேர் பண்றப்ப வீட்டுல எல்லா போன்லயும் ப்ளூடூத்தை அணை. இல்லன்னா ஸ்பீக்கர் போனோட ஒட்டிக்கும். டப்பாவையும் ஸ்பீக்கரையும் பக்கத்துல வெச்சு, ரெண்டையும் பேரிங்ல போடு.

வண்ணாரப்பேட்டை: பாடுது! ஆனா 'ம்ம்ம்'னு இரைச்சல், பாட்டும் பிசிறுது.

ராயபுரம்: இரைச்சல் பெரும்பாலும் மட்டமான சார்ஜரால. பவர் பேங்க்ல போட்டுப் பாருங்க. நின்னா சார்ஜரை மாத்துங்க. பவர் பேங்க்கையே வெச்சுக்காதீங்க, டப்பா இழுக்குற கரண்ட் கம்மி, சிலது தானா அணைஞ்சிடும். பிசிறுக்குக் காரணம் வேற: லைன் அவுட்ல (அந்த ஆர்சிஏ அவுட்தான்) சுமார் 2 வோல்ட் வரும், மலிவு டப்பா தாங்காது. பிளேயர்ல ஹெட்போன் அவுட் இருந்தா அதுல சொருகி, வால்யூமைப் பாதிக்குக் கீழ வைங்க.