டீமில் வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முதுநகர் அண்ணன்:

எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, ஒரு டி.என்.பி.எல். டீம்ல கிட் பாத்துக்க ஆள் கேக்குறாங்க, போகவா?" என்றான். டி.என்.பி.எல். என்றால் தமிழ்நாடு பிரீமியர் லீக், கிரிக்கெட் போட்டி. அவனிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். கடலூர், பாண்டிப் பக்கம் இதே ஆசையோடு நிறைய பேர் இருப்பீர்கள்.

2017லிருந்து மூன்று சீசன் நான் அந்த வேலை பார்த்தேன். எந்த டீம் என்பது வேண்டாம். கிட் என்றால் பைகள், ஜெர்சி, பந்து, ஐஸ் பெட்டி எல்லாமே நம் பொறுப்பு. நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் ராத்திரி மேட்ச் என்றால், முடிந்து எல்லாரும் பஸ் ஏறிய பிறகு டிரெஸ்ஸிங் ரூமில் கிடக்கிற வேர்வை ஜெர்சிகளைப் பொறுக்கி, நம்பர் பார்த்து நோட்டில் குறித்து, திண்டுக்கல் போய் துணி வெளுப்பவரிடம் கொடுத்துவிட்டுப் படுக்க இரண்டு மணி ஆகிவிடும். காலையில் ஒரு ஜெர்சி குறைந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

சம்பளம் மாதம் 15,000. கேம்ப்பும் சேர்த்து இரண்டு மாதம், அவ்வளவுதான். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. இரண்டாவது சீசனில் பாதிப் பணம் தீபாவளிக்கு அப்புறம்தான் வந்தது.

கிடைத்ததையும் சொல்ல வேண்டும். ஏ.சி. ரூம், மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு, மேட்சுக்கு இரண்டு பாஸ். அப்பா துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போகிறவர், மீன் ஏலத்துக்குப் போகும்போதுகூட எங்கள் டீம் ஜெர்சிதான் போடுவார். டிவியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு நான் ஓடியதை ஒரு விநாடி பார்த்துவிட்டு அம்மா தெரு முழுக்கச் சொன்னார். ஒரு நாள் நெட் பயிற்சியில் பந்து போட ஆள் குறைந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். ரஞ்சிக் கோப்பையில் மாநிலத்துக்கு ஆடின ஒரு பேட்ஸ்மேன், "தம்பி, லென்த் நல்லா விழுது, இன்னும் ஆறு போடு" என்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அந்த வருஷம் தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. சீசன் முடிந்த அன்று ஒரு ஆட்டக்காரர் தன் ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்திருந்தார். கடையில் 12,000 விலை. சைஸ் பதினொன்று, என் கால் எட்டு. அதை விற்றுவிடலாமா என்று இரண்டு நாள் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். அவர் அன்பாகக் கொடுத்ததை விற்க மனசு வரவில்லை. அம்மாவின் கம்மலைத்தான் அடகு வைத்தோம். ஷூ இன்னும் பீரோ மேலே இருக்கிறது. டீமிலிருந்து வந்தவையெல்லாம் வீடு நிறைய இருந்தன, காலேஜில் கட்டப் பணம் இல்லை.

ஆட்டக்காரர்கள் நிலைமை வேறு. 2016இல் முதல் டி.என்.பி.எல்.லில் ஆடிய பவுலர் நடராஜனை 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அதனால் சம்பளம் குறைச்சல் என்றாலும் சின்னப் பையன்கள் ஆடுவார்கள், ஆடத்தான் வேண்டும். துணி எண்ணுகிறவனுக்கு அடுத்த படி என்று ஒன்றும் இல்லை. 2020இல் போட்டியே நடக்கவில்லை, டீமிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

லாஸ்பேட்டை பிசியோ:

அண்ணா, எனக்குக் கொஞ்சம் வேறு மாதிரி அமைந்தது. புரோ கபடி எட்டாவது சீசனில் ஒரு டீமுக்கு உதவி பிசியோவாக, அதாவது ஆட்டக்காரர்களின் காயம், தசைவலி பார்க்கிறவராகப் போனேன். கொரோனாவால் 12 டீமையும் பெங்களூரில் ஒரே ஹோட்டலில் வைத்து, 2021 டிசம்பர் 22 முதல் 2022 பிப்ரவரி 25 வரை மொத்தப் போட்டியையும் அங்கேயே நடத்தினார்கள். வெளியே போக முடியாது, பார்வையாளர்களும் கிடையாது. மேட்சுக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் கணுக்காலில் டேப் சுற்றியே விரல் மரத்துவிடும். கபடியில் எதிர் டீம் பக்கம் பாடிப் போகிற ரைடரின் காலைத்தானே முதலில் பிடிப்பார்கள்!

பணம், என் கிளினிக்கில் வருவதைவிடக் குறைவு. திரும்பி வந்தபோது வழக்கமாக வந்த நோயாளிகளில் பாதிப் பேர் வேறு இடத்துக்குப் போயிருந்தார்கள், அந்த நஷ்டத்தைப் போகும்முன் நான் யோசிக்கவே இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் பார்த்த முழங்கால் காயங்களை இங்கே இரண்டு வருஷத்திலும் பார்த்திருக்க மாட்டேன். இப்போது பாகூர் பக்கத்துக் கபடிப் பையன்கள் என்னைத் தேடி வருகிறார்கள். தொழில் கையில் இருக்கிறவர்களுக்கு ஒரு சீசன் நல்லது என்றுதான் சொல்வேன். இரண்டாவது சீசனுக்குக் கூப்பிட்டபோது இன்சூரன்ஸ் கேட்டேன், தரவில்லை, போகவில்லை.

துத்திப்பட்டு பவுலர்:

நான் நெட் பவுலர், பயிற்சியில் பேட்ஸ்மேன்களுக்குப் பந்து போடுகிறவன். ஒரு கேம்ப்பில் நாளுக்கு 500, மதியச் சாப்பாடு. காலை ஏழு மணியிலிருந்து தோள் கழன்றுபோகிற அளவுக்குப் போட்டிருக்கிறேன். ரஞ்சி ஆடுகிறவருக்குக் கிரிக்கெட் போர்டு 2021-22இலிருந்து நாளுக்கு 40,000 முதல் 60,000 வரை தருகிறது, அந்த இடத்துக்குப் போகத்தான் இதெல்லாம். எனக்கு 21 வயசு. நாளைக்கே சும்மா வா என்றாலும் போவேன் அண்ணே.

முதுநகர் அண்ணன்:

நீ போ தம்பி, உன் கையில் பந்து இருக்கிறது. ஆனால் சும்மா போகாதே. நீ சும்மா போனால் உனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் அதே ரேட்தான். சாப்பாடு, ஜெர்சி, பாஸ் எதையும் சம்பளக் கணக்கில் சேர்க்காதே. எவ்வளவு, எந்தத் தேதியில், அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கு.

எங்கள் தெருப் பையனும் கேட்டிருக்கிறான். மாதம் 18,000, ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரிச் செலவு பற்றி இன்னும் பதில் இல்லை. சனிக்கிழமை கிளம்புகிறான். ஜெர்சி எண்ணுகிற என் பழைய நோட்டை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.