'வேலை' என்ற சொல் வதைக்கருவியில் பிறந்ததா?

நெய்தல்வாசி:
பிரெஞ்சில் வேலைக்கு 'திராவாய்' என்று பெயர். ஸ்பானியத்தில் 'திரபாஹோ', போர்த்துகீசியத்தில் 'திரபாலியு', பார்சலோனா பக்கம் பேசும் கத்தலானில் 'திரெபால்'. நான்குக்கும் வேர் லத்தீன் 'திரிபாலியும்' என்றுதான் பெரும்பாலான அகராதிகள் சொல்கின்றன. 'திரி' என்றால் மூன்று, 'பாலுஸ்' என்றால் நட்ட கழி. மூன்று கழிகளில் ஆளைப் பிணைத்து வதைக்கும் கருவி அது. 6ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஓசேர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களை வதைக்கும் 'திரெபாலியும்' அருகே குருமார் நிற்கக் கூடாது என்று விதியே போட்டிருக்கிறது. உழைத்துக் களைத்தவர்கள் வாயில் வளர்ந்த சொல் இது. உழைப்பை அவர்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஏட்டுச்சுவடி:
வேண்டும் நண்பரே. ஓசேர் விதியில் வருவது கருவியின் பெயர் மட்டும். 'திரிபாலியாரே', அதாவது அந்தக் கருவியில் மாட்டி வதைப்பது என்ற வினைச்சொல், எந்த லத்தீன் ஏட்டிலும் இல்லை. இன்றைய சொற்களிலிருந்து பின்னோக்கிப் போய் அறிஞர்கள் ஊகித்த வடிவம் அது. அகராதியில் அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். இதைப் பரப்புகிறவர்கள் அந்தக் குறியை மட்டும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

அப்புறம், 'திரி' என்பது 'திரெ' ஆகலாம், சரி. 'திர' எப்படி ஆனது? லத்தீனில் 'திராப்ஸ்' என்றால் உத்திரம். ஸ்பானியத்தில் 'திரபார்' என்றால் பிணைப்பது, காலைக் கட்டுவது. இந்தக் குடும்பத்தின் சாயல் விழுந்திருக்கிறது என்பவர்களும் உண்டு, இதுவே வேர் என்பவர்களும் உண்டு.

நெய்தல்வாசி:
மெய்யெழுத்துகள் என் பக்கம் பேசுகின்றன. இரண்டு உயிருக்கு நடுவே வரும் லத்தீன் 'ப' பிரெஞ்சில் 'வ' ஆகும்; ஸ்பானியத்தில் நம் 'அன்பு'வில் வரும் 'பு' மாதிரி மெலியும். லத்தீன் 'லிய' ஸ்பானியத்தில் 'ஹ' ஆகும்: மகன் என்ற 'ஃபீலியுஸ்' அங்கே 'இஹோ', வைக்கோல் என்ற 'பாலேயா' அங்கே 'பாஹா'. திரிபாலியும் 'திரபாஹோ' ஆனது இந்த விதிப்படிதான். நீங்கள் கேட்ட 'திரெ'யும் கத்தலானில் அப்படியே இருக்கிறதே.

ஏட்டுச்சுவடி:
கத்தலானில் எழுத்தில் இருக்கிறது. பார்சலோனாவில் அழுத்தம் விழாத 'அ', 'எ' இரண்டையும் ஒரே ஒலியாகத்தான் சொல்கிறார்கள். அதனால் எழுத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. நீங்கள் சொன்ன விதிகள் என் பக்கத்துக்கும் பொருந்தும். லத்தீனிலேயே 'அன்பு'வில் வருவது மாதிரி மெலிந்து ஒலிக்கும் 'ப'வும் பிரெஞ்சில் 'வ' ஆகும்: 'ஹபேரே' அங்கே 'அவ்வார்'. 'ஆகுலும்' என்ற முடிவும் பிரெஞ்சில் 'ஆய்' ஆகிறது. சுக்கானைக் குறிக்கும் 'குபெர்னாகுலும்' அங்கே 'குவெர்னாய்' ஆயிற்று. 'திரபாகுலும்' என்று வைத்துப் பாருங்கள், அதுவும் 'திராவாய்'க்கே வந்து நிற்கும்.

நெய்தல்வாசி:
அந்தத் 'திரபாகுலும்' எந்த ஏட்டில் இருக்கிறது? அதற்கும் நட்சத்திரக் குறி போடுங்கள். என் பக்கம் கருவியின் பெயராவது எழுத்தில் பதிவாகியிருக்கிறது.

மருதநிலா:
இரண்டு பேரும் மாட்டுக்கு லாடம் அடிக்கும் மரச்சட்டத்தை மறந்துவிட்டீர்கள். பிரெஞ்சில் 'திராவாய்' என்றால் அதுவும்தான். மாடு ஒரு காலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மூன்று காலில் வெகுநேரம் நிற்காது. அதனால் தடித்த மரத்தூண்களுக்கு நடுவே அதை நிறுத்தி, வயிற்றுக்குக் கீழே பட்டை கொடுத்துத் தாங்கி, காலைச் சட்டத்தோடு கட்டி, அப்புறம்தான் லாடம் அடிப்பார்கள். பிரெஞ்சுக் கிராமங்கள் சிலவற்றில் இந்தச் சட்டங்கள் இன்னும் நிற்கின்றன. மாட்டைக் கட்டும் சட்டம், ஆளைக் கட்டும் சட்டம், படும் வேதனை, உழைப்பு என்று இந்தச் சொல் நடந்து வந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

பிரசவ வலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் இடுப்புவலிக்கும் 'திராவாய்'தான். இத்தாலியப் பொதுமொழியில் 'திரவாலியோ' என்றால் பிரசவ வலி அல்லது மனவேதனை. வேலைக்கு அங்கே 'லவோரோ' என்ற வேறு சொல். ஆனால் சிசிலியில் அதே குடும்பத்துச் சொல்லை வேலைக்கே சொல்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி:
அந்தச் சட்டத்தைப் படத்திலாவது பார்த்தவர்கள் தூண்களை எண்ணட்டும் தோழி. பெரும்பாலும் நான்கு இருக்கும். 'மூன்று கழி' எங்கே போயிற்று? கண்ணில் படுவது மேலே ஓடும் உத்திரம், அதாவது என் 'திராப்ஸ்'.

காலவரிசையையும் பாருங்கள். பழைய பிரெஞ்சில் 'திராவாய்' என்றால் துன்பம். வேலை செய்வதற்கு 'உவ்ரே' இருந்தது. 'லபூரே' என்ற சொல்லும் இருந்தது, அது இன்று உழுவதற்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. 'திராவாய்' வேலைக்குரிய பொதுச்சொல்லாக அந்த இடத்தைப் பிடித்தது பிற்பாடுதான். ஸ்பானியத்திலும் 1617இல் வெளிவந்த செர்வாந்தேசின் கடைசி நாவலின் தலைப்பில் 'திரபாஹோஸ்' என்றால் வேலைகள் இல்லை, பட்ட பாடுகள். ஓசேரில் வதைபட்டவனுக்கும் இன்று சம்பள வேலைக்குப் போகிறவனுக்கும் நடுவே இத்தனை நூற்றாண்டு இருக்கிறது. ஒரே தாவலில் முடிச்சுப் போட்டுவிட முடியாது.

நெய்தல்வாசி:
ஒரே தாவலில் போடவில்லை. துன்பம்தான் வேலையாயிற்று என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், என் வாதத்தின் பாதி அதுதான். மீதிக்கு ருமேனியம் இருக்கிறது. அதுவும் லத்தீன் வழி வந்த மொழிதான், ஆனால் அங்கே உழைப்புக்கு 'முங்க்' என்ற ஸ்லாவியச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஸ்லாவிய மூலத்தில் அதன் பொருள் வதை! ரஷ்ய மொழியில் இன்றும் 'மூகா' என்றால் வேதனை. கழியும் இல்லை, உத்திரமும் இல்லை, ஆனாலும் அதே வழியில் போய் அதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியாது.

மருதநிலா:
இது அருமையான எடுத்துக்காட்டு. அதே ருமேனியத்தில் பிரசவ வலிக்கு 'திரவாலியு' என்று பிரெஞ்சிலிருந்து பிற்காலத்தில் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தின் 'டிராவல்'கூட இந்த வீட்டுப் பிள்ளைதான். பாடுபடுவது என்ற பொருளோடு போய்ப் பயணமாகிவிட்டது.

ஏட்டுச்சுவடி:
வதை என்ற பொருள் வேலையாக மாறக்கூடும் என்பதை 'முங்க்' காட்டுகிறது, அதை நான் மறுக்கவே இல்லை. 'திராவாய்'க்கு அதுதான் நடந்தது என்பதை அது காட்டவில்லை. ருமேனியத்தைக் கொண்டுவந்தீர்கள் என்றால் முழுதாகக் கொண்டுவாருங்கள் நண்பரே. வேலை செய்வதற்கு அங்கே 'லுக்ரா' என்ற வினையும் அன்றாடம் புழங்குகிறது. அது லத்தீன் 'லுக்ராரி'யிலிருந்து வந்தது. பொருள், ஆதாயம் அடைவது. வதையும் ஆதாயமும் ஒரே மொழியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இதில் எதை அவர்களுடைய உழைப்பின் சாட்சியாக எடுத்துக்கொள்வீர்கள்?